சாரமும் செந்நீரும்: இரத்தம் ஓடும் கதை

சித்த மருத்துவம் மனித உடம்பை ஏழு தாதுக்களாகப் பிரித்துச் சொல்கிறது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, கடைசியாக சுக்கிலம் அல்லது சுரோணிதம். உண்ட உணவு முதலில் சாரமாகிறது. சாரம் செந்நீராகிறது. செந்நீர்தான் மற்ற எல்லாவற்றுக்கும் ஊட்டம் கொண்டு போகிறது. இதுதான் அந்த வரிசையின் கருத்து.

புதுச்சேரியில் சாரம் என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. அவ்வை திடல் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து காமராஜர் சாலையில் போய், ராஜீவ் காந்தி சிலையைத் தாண்டி, திண்டிவனம் சாலையில் ஏறினால் கோரிமேடு. ஜிப்மர் அங்கேதான் இருக்கிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களிலிருந்து வரும் கூட்டம் விடிவதற்கு முன்பே அங்கே வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் நிற்கும் முக்கால்வாசிப் பேர் கையில் ஓர் இரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கும். அதில் ஹீமோகுளோபின், பி.சி.வி., இ.எஸ்.ஆர். என்று எண்கள் இருக்கும். இந்த எண்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன. இரத்தம் எவ்வளவு கெட்டி? அது எவ்வளவு எளிதாக ஓடுகிறது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அது பாரிஸில் ஆரம்பித்து, சிகாகோ வழியாக, நம் நீலகிரி மலைக்கு வந்து சேர்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பாகு பதம்

முதலில் ஒரு சின்ன இயற்பியல். பயந்துவிட வேண்டாம், சமையலறை இயற்பியல்தான்!

அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது பதம் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் தண்ணீர் மாதிரி ஓடும். கொஞ்ச நேரத்தில் கரண்டியிலிருந்து மெதுவாக வழியும். பிறகு கம்பிப் பதம். சட்டியும் அதேதான், வெல்லமும் அதேதான். ஆனால் ஓடும் தன்மை மாறிக்கொண்டே போகிறது. ஒரு திரவத்தின் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிப் போகும்போது ஏற்படும் உராய்வுதான் இதற்குக் காரணம். நம் பாடநூல்கள் இதற்குப் பாகுநிலை என்று பெயர் வைத்திருக்கின்றன. மிகப் பொருத்தமான பெயர்.

20 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பாகுநிலை ஏறக்குறைய 1 சென்டிபாய்ஸ். உடல் வெப்பத்தில் இரத்தத்தின் பாகுநிலை சுமாராக 3 முதல் 4 சென்டிபாய்ஸ். இரத்தத்திலிருந்து அணுக்களை எல்லாம் எடுத்துவிட்டு மிச்சம் இருக்கும் மஞ்சள் நீரை, அதாவது பிளாஸ்மாவை மட்டும் அளந்தால் 1.2 அல்லது 1.3 தான் வரும். அப்படியென்றால் இரத்தத்தின் கெட்டித்தன்மைக்குப் பெரும்பாலும் காரணம் அதில் மிதக்கும் சிவப்பணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன!

அந்தப் "பாய்ஸ்" என்ற அலகு ஒரு பிரெஞ்சு மருத்துவரின் பெயர். அவரிடம்தான் கதை ஆரம்பிக்கிறது.

இரண்டு பிரெஞ்சு நகரங்கள், ஒரே காலம்

1823-ம் ஆண்டு பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. சென்னையில் மருத்துவப் பள்ளி வந்தது 1835-ல். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே புதுச்சேரியில் வந்துவிட்டது. இந்தப் பள்ளியின் வழித்தோன்றல்தான் இன்றைய ஜிப்மர். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி விலகிய பிறகு, 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று ஆனது. 1964-ல் ஜவஹர்லால் பெயர் வந்தது. 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி கிடைத்தது.

புதுச்சேரிப் பள்ளி தொடங்கிய காலத்தில் பாரிஸில் மருத்துவம் எப்படி இருந்தது? ஒரே வார்த்தையில் சொல்வதென்றால், அட்டை! புரூசே என்ற புகழ்பெற்ற மருத்துவர் எந்த வியாதிக்கும் அட்டைகளை விட்டு இரத்தம் எடுக்கச் சொன்னார். 1833-ல் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கும் அதிகமான அட்டைகளை வெளிநாடுகளிலிருந்து வாங்கியது. அட்டை விடும் வைத்தியம் நம் நாட்டிலும் பழையதுதான், சுசுருதர் காலத்திலேயே இருந்தது. ஆனால் இவ்வளவு அட்டைகளை எந்த ஊரிலும் விட்டிருக்க மாட்டார்கள்.

1835-ல் பியேர் லூயி என்ற மருத்துவர் ஒரு புதுமையைச் செய்தார். நிமோனியா நோயாளிகளைக் கணக்கெடுத்து, இரத்தம் எடுத்ததால் எத்தனை பேர் பிழைத்தார்கள், எவ்வளவு நாளில் குணமானார்கள் என்று அட்டவணை போட்டார். பெரிய பலன் எதுவும் இல்லை என்று தெரிந்தது. அட்டைகளின் ராஜ்ஜியம் மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தது.

இதே பாரிஸில், இதே காலத்தில், வேறொரு இளைஞர் இரத்தத்தை எடுப்பதைப் பற்றி அல்ல, அது ஓடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ழான் லியோனார் மாரி புவாசேய். நம் பாடநூலில் "பாய்சொய்" என்று படித்திருப்போம். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்கள் அந்த உச்சரிப்பைக் கேட்டால் சிரிப்பார்கள். அது போகட்டும்.

நான்காம் மடங்கு

புவாசேய் 1797-ல் பாரிஸில் பிறந்தவர். முதலில் எக்கோல் பாலிடெக்னிக்கில் கணிதமும் இயற்பியலும் படித்தார். அந்தக் கல்லூரி 1816-ல் அரசியல் காரணங்களால் மூடப்பட்டதும் மருத்துவத்துக்கு மாறினார். இப்படி இரண்டும் தெரிந்த ஆள் கிடைத்தது மருத்துவத்தின் அதிர்ஷ்டம். 1828-ல் அவர் கொடுத்த ஆய்வேடு இதயத்தின் விசையைப் பற்றியது. யு வடிவக் குழாயில் பாதரசத்தை ஊற்றி, அதை விலங்குகளின் தமனியோடு இணைத்து, இரத்த அழுத்தத்தை அளந்தார். இன்றும் இரத்த அழுத்தத்தை "120-க்கு 80" என்று மில்லிமீட்டர் பாதரசத்தில் சொல்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிறகு தவளையின் மெல்லிய திசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நுண்குழாய்களில் சிவப்பணுக்கள் நடுவில் ஓடுகின்றன, சுவர் ஓரத்தில் அணுக்கள் இல்லாத தெளிவான நீர்ப்பகுதி இருக்கிறது என்பதைக் கவனித்தார். அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. இவ்வளவு மெல்லிய குழாயில் ஒரு திரவம் எப்படி ஓடும்? எதைப் பொறுத்து வேகம் மாறும்?

அதற்கு இரத்தத்தையே பயன்படுத்தியிருக்கலாமே என்று தோன்றும். முடியாது. அப்போது இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கிடையாது. உடம்பை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் உறைந்துவிடும். அதனால் அவர் தண்ணீரை எடுத்துக்கொண்டார். மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்கள், விதவிதமான அழுத்தங்கள், விதவிதமான நீளங்கள் என்று பல வருடம் அளந்துகொண்டே இருந்தார். 1840-ஐ ஒட்டி முடிவுகள் வெளிவந்தன. முழு ஆய்வும் 1846-ல் அச்சாயிற்று. ஜெர்மனியில் ஹாகன் என்ற பொறியாளரும் 1839-ல் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

முடிவு இதுதான். அழுத்தம் இரு மடங்கானால் ஓட்டமும் இரு மடங்கு. குழாயின் நீளம் இரு மடங்கானால் ஓட்டம் பாதி. இதுவரை எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் குழாயின் ஆரம் இரு மடங்கானால்? ஓட்டம் இரு மடங்கல்ல, நான்கு மடங்கல்ல, பதினாறு மடங்கு! ஆரத்தின் நான்காம் மடங்குக்கு ஏற்ப ஓட்டம் மாறுகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் உடம்புக்கு என்ன அர்த்தம் என்று புரியும். ஓர் இரத்தக் குழாயின் ஆரம் 20 சதவீதம் மட்டும் குறைந்தால், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், ஓட்டம் 41 சதவீதமாக இறங்கிவிடும். ஆரம் பாதியானால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். இதயக் குழாயில் கொழுப்புப் படிந்தவர்களுக்கு, "கொஞ்சம்தானே அடைப்பு" என்பது அவ்வளவு கொஞ்சம் இல்லை. அதே சமயம் பாகுநிலை கூடினாலும் ஓட்டம் குறையும். ஆனால் அது எளிய எதிர்விகிதத்தில்தான். பாகுநிலை இரு மடங்கானால் ஓட்டம் பாதி.

இரத்தம் தண்ணீர் இல்லை

புவாசேய் விதி தண்ணீருக்கு அப்படியே பொருந்தும். இரத்தம் அவ்வளவு சுலபமாகக் கட்டுப்படவில்லை. காரணம், இரத்தம் வெறும் திரவம் அல்ல, அணுக்கள் மிதக்கும் கலவை.

சுவீடனைச் சேர்ந்த ராபின் ஃபோரேயஸ் இதில் முக்கியமானவர். இரத்தத்தை ஒரு குழாயில் நிறுத்தி வைத்தால் சிவப்பணுக்கள் மெல்லக் கீழே படியும். உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாகப் படியும், ஏனென்றால் அணுக்கள் காசுகளை அடுக்கிய மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. போலந்து மருத்துவர் பியர்நாட்ஸ்கி 1897-லேயே இதைக் கவனித்திருந்தார். ஃபோரேயஸ் 1921-ல் அதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நம் பரிசோதனைச் சீட்டில் வரும் இ.எஸ்.ஆர். இதுதான்.

1931-ல் ஃபோரேயஸும் லிண்ட்குவிஸ்ட்டும் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். சுமார் 0.3 மில்லிமீட்டரை விடக் குறுகிய குழாய்களில் இரத்தம் ஓடும்போது, அதன் பாகுநிலை குறைகிறது! குழாய் குறுகக் குறுக இரத்தம் இன்னும் நீர்த்துப்போனது போல ஓடுகிறது. புவாசேய் தவளையில் பார்த்த அதே காட்சிதான் இதற்கு விளக்கம். அணுக்கள் நடுவில் போகின்றன, ஓரத்தில் வழுக்கலான பிளாஸ்மா இருக்கிறது.

இன்னும் உள்ளே போனால் கடைசி நுண்குழாய்கள். அவற்றின் அகலம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் அகலமோ 7 அல்லது 8 மைக்ரோமீட்டர். அதாவது பல இடங்களில் கதவை விட ஆள் பெரியவர்! ஆனாலும் சிவப்பணு தன்னை மடக்கிச் சுருட்டிக்கொண்டு நுழைந்துவிடுகிறது. தன் 120 நாள் வாழ்க்கை முழுவதும் திரும்பத் திரும்ப இதையே செய்கிறது. இரத்த ஓட்டத்தின் மொத்த ரகசியமும் இந்த வளைந்துகொடுக்கும் குணத்தில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் சிவப்பணு வளைய மறுத்தால் என்ன ஆகும்?

அரிவாள்

1904-ம் ஆண்டு டிசம்பரில், கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற மாணவர் மருத்துவமனைக்குப் போனார். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய அணுக்கள் நீண்டு, வளைந்து, அரிவாள் போல இருந்தன. மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் அந்த மாணவரை சில வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 1910-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பி, பல் மருத்துவராக வேலை பார்த்து, 1916-ல் நிமோனியாவில் இறந்தார்.

அணு ஏன் அரிவாளாகிறது? 1940-ல் அமெரிக்காவின் ஹாம், காஸில் என்ற இருவர் ஒரு சுழற்சியை விளக்கினார்கள். ஆக்சிஜன் குறையும்போது அணுக்கள் அரிவாளாகின்றன. அரிவாளான அணுக்களால் இரத்தத்தின் பாகுநிலை கூடுகிறது. பாகுநிலை கூடியதால் ஓட்டம் மந்தமாகிறது. ஓட்டம் மந்தமானதால் அந்த இடத்தில் ஆக்சிஜன் இன்னும் குறைகிறது. அதனால் இன்னும் அதிக அணுக்கள் அரிவாளாகின்றன... தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பு மாதிரி! 1950-ல் ஹாரிஸ் என்பவர், அணுவை உடைத்து வெளியே எடுத்த ஹீமோகுளோபின் கரைசல்கூட ஆக்சிஜன் போனதும் கெட்டியாகிறது என்று காட்டினார். கோளாறு அணுவின் தோலில் இல்லை, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினில்.

1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இந்த ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்கிறது என்று நிரூபித்தார்கள். ஒரு நோயை ஒரு மூலக்கூறின் நோய் என்று பெயரிட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்து கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் 1956-57-ல் குறையைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார். 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலின் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்! அந்த ஓர் எழுத்துப் பிழையால், ஆக்சிஜன் போனதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகி, அணுவை விறைப்பாக்கிவிடுகின்றன. 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் அழிந்துபோகிறது.

அதுவரை இதை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பெரும்பாலும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நீலகிரியில் ஒரு துளி

1952-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ். லேமன், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி பிரிட்டனில் குடியேறிய யூத மருத்துவர். கட்புஷ், இரத்த வகைகளை ஆராய்வதில் பெயர்பெற்ற ஆஸ்திரேலியப் பெண் விஞ்ஞானி. இருவரும் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, தென்னிந்தியாவிலும் அரிவாள் செல் இருக்கிறது என்று அறிவித்தார்கள். அதே வருடம், அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே இந்த நோயைக் கண்ட செய்தியை டன்லப், மஜும்தார் என்ற இருவர் வெளியிட்டார்கள். இந்தியாவில் அரிவாள் செல்லின் எழுதப்பட்ட வரலாறு இந்த இரண்டு கட்டுரைகளிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டும் தேயிலை விளையும் மலைநாட்டோடு தொடர்புடையவை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்தக் காலத்துச் சோதனை எளிமையானது. விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்க வேண்டும். ஆக்சிஜனை நீக்கும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து, கண்ணாடித் தகட்டில் மூடி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அணுக்கள் வளைந்தால் அரிவாள் மரபணு இருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் நீலகிரி? இதற்கு விடை மலை உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. 1897-ல் ரொனால்ட் ராஸ் மலேரியாவை ஆராய ஊட்டிக்கு வந்து, அங்கிருந்து சீகூர் மலைப்பாதைக்கு இறங்கினார். ஆராய வந்தவருக்கே மலேரியா வந்துவிட்டது! அந்த அளவுக்கு அந்த அடிவாரக் காடுகள் காய்ச்சலுக்குப் பேர் போனவை. அதே வருடம் ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து, 1902-ல் அவர் நோபல் பரிசு வாங்கியது தெரிந்த கதை.

1954-ல் ஆலிசன் என்ற மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அரிவாள் மரபணுவைப் பெற்றவர்களுக்குக் கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. அவர்களுக்கு நோய் வருவதில்லை, அவர்கள் வெறும் தாங்கிகள். ஆனால் இரண்டு தாங்கிகள் திருமணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதாவது பல தலைமுறைகளாகக் காட்டுக் காய்ச்சலிலிருந்து ஒரு சமூகத்தைக் காப்பாற்றிய அதே மரபணு, அந்தச் சமூகத்தின் சில குழந்தைகளிடம் அதற்கான விலையை வாங்குகிறது.

மூலம் தேடியவர்களும் வலி தாங்கியவர்களும்

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1950-களின் ஆய்வாளர்களுக்கு அந்தத் துளி இரத்தத்தில் இருந்த பெரிய ஆர்வம், இந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில்தான். ஆப்பிரிக்காவுக்கும் அரேபியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே மக்கள் எப்படி நகர்ந்தார்கள் என்பதற்கு இந்த மரபணுவை அடையாளமாகப் பார்த்தார்கள். 1980-களில் டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தபோது, இந்தியப் பழங்குடியினரிடம் இருப்பது ஆப்பிரிக்க வகைகளிலிருந்து வேறுபட்ட அரபு-இந்திய வகை என்று தெரிந்தது. இந்த மரபணு மாற்றம் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியதா, ஒரே இடத்தில் தோன்றிப் பரவியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 2018-ல் வந்த ஓர் ஆய்வு ஒரே தோற்றம்தான் என்று வாதிடுகிறது.

இதெல்லாம் சுவாரசியமான ஆராய்ச்சிதான். ஆனால் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்குத் திடீரென்று முதுகிலும் கைகால் எலும்பிலும் தாங்க முடியாத வலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே காயம் இல்லை. வீக்கம்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே ஏதோ ஒரு நுண்குழாயில் அரிவாள் அணுக்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன, அதற்கு அப்பால் இருக்கும் எலும்புக்கு இரத்தம் போகவில்லை. பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. "வேலைக்குப் பயந்து நடிக்கிறான்" என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! நோயின் பெயரே தெரியாத வரை நோயாளிக்கும் பதில் சொல்லத் தெரியாது.

நீலகிரியில் இதை மாற்றியது உள்ளூரிலேயே வேரூன்றிய அமைப்புகள். கோத்தகிரியில் 1958-லிருந்து இயங்கும் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் அவற்றில் ஒன்று. 1990-ல் கூடலூரில் உருவான அஸ்வினி அமைப்பு இன்னொன்று. அஸ்வினியின் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றார்கள். நோய் இருக்கிறதா என்று சோதிப்பது, இருந்தால் தொடர்ந்து கவனிப்பது, வீட்டுக்கே போய் விளக்குவது என்று வேலை நடந்தது.

தேசிய அளவில் என்ன ஆயிற்று? 2023-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் செல் சோகை ஒழிப்புத் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் லண்டன் இதழில் கட்டுரை வந்தது 1952-ல். நாடு தழுவிய இயக்கம் வந்தது 2023-ல். இடையில் 71 வருடங்கள்! மூன்று தலைமுறைகளின் வலி அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

வைத்தியமும் அதே விதிதான்

அரிவாள் செல் நோயாளிக்கு மருத்துவர்கள் சொல்லும் அறிவுரைகளைக் கவனித்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரத்த ஓட்டத்தின் இயற்பியல் இருப்பது தெரியும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஏனென்றால் நீர் வற்றினால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கமாகி இழை கோப்பது எளிதாகிறது. குளிரில் நனையக் கூடாது, ஏனென்றால் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், நான்காம் மடங்கு விதி வேலையைக் காட்டும். மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை வருத்தக் கூடாது, ஆக்சிஜன் குறையும். மழையும் குளிரும் உள்ள மலையில், கூலி வேலை செய்து பிழைப்பவருக்கு இந்த மூன்றும் எவ்வளவு கஷ்டமான அறிவுரை என்று யோசித்துப் பாருங்கள்.

இரத்தம் ஏற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சோகைதானே, நிறைய இரத்தம் ஏற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அரிவாள் அணுக்கள் இருக்கும் உடம்பில் அளவுக்கு மீறி ஏற்றினால் பாகுநிலை கூடி, ஓட்டம் குறைந்து, நிலைமை மோசமாகும். அதனால்தான் தேவைப்படும்போது பழைய இரத்தத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றும் முறையைக் கையாள்கிறார்கள்.

மருந்தும் ஒரு பழைய கவனிப்பிலிருந்து வந்தது. 1948-ல் ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர், பச்சைக் குழந்தைகளின் இரத்தம் அவ்வளவாக அரிவாளாவதில்லை என்பதைக் கவனித்தார். கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின் இழை கோப்பதைத் தடுக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை, பெரியவர்களின் உடம்பிலும் அந்தக் கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. 1995-ல் பெரிய ஆய்வு அதன் பலனை உறுதிசெய்தது. 1998-ல் அமெரிக்கா அனுமதித்தது. 2023 இறுதியில் மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. ஆனால் அதன் விலை கோடிகளில். கூடலூருக்கு இன்றைக்கு எட்டுவது மாத்திரைதான்.

நம் எல்லோருக்கும்

அரிவாள் செல் இல்லாதவர்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். டெங்கு வந்தால் வீட்டில் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். மருத்துவர்களோ பி.சி.வி.யையும் உற்றுப் பார்ப்பார்கள். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பதுதான் அது. டெங்குவில் நுண்குழாய்ச் சுவர் வழியாகப் பிளாஸ்மா வெளியே கசியும். திரவம் வெளியேறி, அணுக்கள் உள்ளேயே தங்கிவிடுவதால் இரத்தம் பாகு பதத்துக்குப் போகும். பி.சி.வி. 20 சதவீதம் உயர்ந்தால் அது அபாயச் சங்கு. அந்த நேரத்தில் உயிரைக் காப்பது பெரும்பாலும் சரியான அளவில் ஏற்றும் உப்பு நீர்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எலும்பு மஜ்ஜை அளவுக்கு மீறிச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யும் ஒரு நோய் இருக்கிறது. 1892-ல் வாக்கே என்ற பிரெஞ்சு மருத்துவர் முதலில் விவரித்தார். அதற்கு இன்றும் அடிப்படை வைத்தியம் இரத்தத்தை வெளியே எடுப்பதுதான்! சிவப்பணுக்களின் பங்கு 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். எல்லா நோய்க்கும் அட்டை விட்ட புரூசேயின் வைத்தியம் காலத்தால் ஒதுக்கப்பட்டது. ஆனால் எந்த நோய்க்கு, எவ்வளவு, ஏன் என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகு, இரத்தம் எடுப்பதே சரியான மருந்தாகவும் ஆனது. அளவு தெரிந்தால் மருந்து, தெரியாவிட்டால் நஞ்சு.

சாரம் செந்நீராகிறது என்று நம் முன்னோர் சொன்னார்கள். அந்தச் செந்நீர் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணாடிக் குழாயில் புவாசேய் அளந்தார். அது ஏன் சிலருக்கு ஓடாமல் நிற்கிறது என்பதை நோயல் என்ற மாணவரின் துன்பமும், நீலகிரி மக்கள் கொடுத்த ஒரு துளி இரத்தமும் உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தன. அந்தத் துளியைக் கொடுத்தவர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்களுக்கு உலகம் பட்டிருக்கும் கடன், அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கு நேரத்தோடு ஒரு சோதனையும், தவறாமல் ஒரு மாத்திரையும், "வலிக்கிறது" என்று சொன்னால் நம்பும் ஒரு மருத்துவரும் கிடைக்கும்போதுதான் தீரும்.